முற்பகல் விடுவிப்பு

ஜன்னலைச் சாத்தாதீங்க சார், காத்து வரட்டும். நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. சேச்சே, டாக்டரைப் பாக்கற அடைப்பு இல்ல இது. ஒரு பணி ஓய்வு விழாவுக்குப் போயிட்டு வர்றேன். இந்தாங்க, சாத்துக்குடி. அங்க குடுத்தது. நீங்க சாப்பிடுங்க, எனக்கு இறங்காது.

விழா எனக்கில்ல சார். நான் போன வருஷமே வெளியே வந்துட்டேன். கோதண்டபாணின்னு பேரு. கண்காணிப்பாளரா இருந்து ஓய்வு. இன்னைக்கு விழா பூங்காவனத்துக்கு. என்கூட ஒரே பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவ. மூணு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல சார் அவ. ஒரு வார்த்தை! இன்னைக்காவது பேசிட மாட்டாளா, மாலையும் கழுத்துமா நிக்கும்போது மனசு இளகாதான்னு ஒரு நப்பாசை. அதுக்குத்தான் போனேன். இல்லேன்னா இந்த வெயில்ல எனக்கென்ன சார் தலையெழுத்து.

யாருக்காக அலைஞ்சேன் நான்? அவளுக்காக. அவ பதவி உயர்வுக்காக. சொந்தத் தங்கச்சிக்குக்கூட இப்படி ஓடினதில்ல. நீங்களே கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க. கண்ணமங்கலம் வர்றவரைக்கும் நேரம் இருக்குல்ல?

எங்க பள்ளிக்கூடம் காது கேளாத பிள்ளைங்க படிக்கிற அரசுப் பள்ளிக்கூடம். எந்த ஊருன்னு வேணாம். விடுதியோட சேர்ந்தது. அங்க மணி அடிக்க மாட்டாங்க சார். யாருக்குக் கேட்கப்போவுது? லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுவாங்க, அதைப் பார்த்துப் பிள்ளைங்க வகுப்பை விட்டு எழுந்திரிக்கும். ஆபீசுக்கு நான் ஒருத்தன்தான். சம்பளப் பட்டியல், மளிகைக் கணக்கு, மேலிடத்துக் கடிதம், எல்லாம் என் தலையில.

பூங்காவனம் அங்க துப்புரவுப் பணியாளரா வந்தா. பெருக்கணும், கக்கூஸ் கழுவணும், அவ்வளவுதான் அவ வேலை. ஆணையில அப்படித்தான் இருக்கு. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. ஆனா வேலை அப்படியா நின்னுச்சு? முதல்ல பிள்ளைங்களுக்குத் தலை வாரி விட்டா. பேன் பார்த்தா. படுக்கையை நனைக்கிற பிள்ளையை ஒருத்தருக்கும் தெரியாம எழுப்பித் துணி மாத்தி விட்டா. அப்புறம் பார்த்தா அதுங்களோட கைப்பாஷை முழுசும் அவளுக்கு வந்துடுச்சு. டீச்சருங்க எல்லாம் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிட்டு வந்தவங்க. அவங்களுக்கே ஒரு பிள்ளை முரண்டு பிடிச்சா, “பூங்காவனத்தைக் கூப்பிடு”ன்னுதான் வரும்.

ஆஸ்பத்திரியில டாக்டரு “எங்க வலிக்குது”ன்னு கேட்கணும்னா பூங்காவனம். பெரிய பொண்ணுங்க வயசுக்கு வந்தா எடுத்துச் சொல்லப் பூங்காவனம். பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சுபோன காது கேளாத பையன் ஒருத்தன் கிடைச்சான்னு போலீஸ்காரங்க வண்டி எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போனாங்க சார் அவளை. லீவுக்கு அழைச்சிட்டுப் போக அப்பா அம்மா வருவாங்க. பெத்த பிள்ளைகிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம நிப்பாங்க. நடுவுல அவ உட்கார்ந்துக்குவா. அம்மா சொல்றதைக் கையில சொல்லுவா, பிள்ளை சொல்றதை வாயில சொல்லுவா. அந்த அம்மாக்காரிங்க அழுவறதைப் பார்த்தா கல்லும் கரையும்.

எனக்கா? எனக்குக் கைப்பாஷை தெரியாது சார். நான் எதுக்குக் கத்துக்கணும்? என் வேலை ஆபீஸ் ரூமுல. ஏதாவது வேணும்னா அவ இருக்காளே.

அல்லின்னு ஒரு குழந்தை. அஞ்சு வயசுல கொண்டாந்து விட்டாங்க. பாஷைன்னு ஒண்ணு இருக்குதுங்கறதே தெரியாத குழந்தை சார் அது. கத்தும், கடிக்கும், சோத்தைத் தூக்கி எறியும். பூங்காவனம் அதைப் பக்கத்துலயே போட்டுக்கிட்டுத் தூங்கினா. வீட்டுக்கே போகல, புருஷன் வந்து சண்டை போட்டுட்டுப் போனான். கொஞ்ச நாள்ல அந்தக் குழந்தை அவ புடவைத் தலைப்பை விடாது. அவ பெருக்கினா அது பின்னாலயே போகும், ஒரு தென்னங்குச்சியை வச்சுக்கிட்டு அதுவும் பெருக்கும்.

இதையெல்லாம் ஆபீஸ் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருப்பேன். வயிறு எரியும் சார். ஒரு விடுதிக் காப்பாளர் செய்யற வேலை அத்தனையும் செய்யறா, சம்பளப் பட்டியல்ல மட்டும் துப்புரவு. எத்தனை வருஷம் ஆனாலும் துப்புரவு. இது என்ன நியாயம்? ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னேன். நான் அவளை வா போன்னுதான் பேசுவேன், ஒரு உரிமையில. “உனக்குப் பதவி உயர்வுக்குக் கருத்துரு போடப்போறேன், பூங்காவனம்”னேன்.

“எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்? நான் இங்கயே பிள்ளைங்களோட இருந்துட்டுப் போயிடறேன். அது போதும்”ன்னா.

பாருங்க, எவ்வளவு அடக்கம்! அந்த அடக்கம்தான் சார் இவங்களை மேல வர விடறதில்ல. நான் விடுவேனா?

போட்டேன் சார். நான் எழுதின கருத்துருவைப் பத்தி இன்னமும் பேசுவாங்க. தொடக்கத்துல என்ன பணி, இப்ப என்ன பணி, காலப்போக்குல பொறுப்பு எப்படியெல்லாம் கூடியிருக்குதுன்னு படிக்கறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி எழுதினேன். எங்க தலைமையாசிரியை எலிசபெத் டீச்சர் படிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. “பாணி, இதுக்கு மேல யாரும் எழுத முடியாது”ன்னு கையெழுத்துப் போட்டாங்க. கோட்டைக்கு நானே நேர்ல போனேன். ஒவ்வொரு மேசையா நின்னேன். உட்காரச் சொல்ல ஆள் இல்ல.

மேலேர்ந்து ஒரு கேள்வி வந்துச்சு. காப்பாளர் பணியிடம்னா கல்வித் தகுதி என்னன்னு. இந்த இடத்துல நல்லாக் கவனிங்க சார். அஞ்சாவதுன்னு எழுதினா எவன் குடுப்பான்? அஞ்சாவதுக்கு எதுக்குடா காப்பாளர்னு தூக்கிப் போட்டுருவான். அதனால கனமா இருக்கட்டும்னு பட்டப்படிப்பு, கூடவே சிறப்புக் கல்வியில பட்டயம்னு எழுதினேன். ஆணை வரட்டும், அப்புறம் அவளுக்கு மட்டும் தகுதித் தளர்வு வாங்கிக்கலாம்னு கணக்கு. எந்த ஆபீஸ்ல வேணா கேளுங்க, இப்படித்தான் செய்வாங்க. நான் செஞ்சது தப்பே இல்ல.

ஆணை வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து முழுசாப் படிச்சேன். துப்புரவுப் பணியிடத்தை ஒப்படைச்சிட்டு, அதுக்குப் பதிலா ஒரு காப்பாளர் பணியிடம். நான் எழுதின தகுதியும் அப்படியே இருக்கு, ஒரு எழுத்து மாறல. அந்தப் பணியிடத்துக்குத் தகுதியான ஆளை நேரடியா நியமிக்கணும். உபரியாகற துப்புரவுப் பணியாளரை ஜில்லா ஆபீசுக்கு அனுப்பணும்.

அதாவது சார், அவ உட்கார்ந்திருந்த நாற்காலிக்குத்தான் பதவி உயர்வு. அவளுக்கு இல்ல. தளர்வு கேட்டு எழுதினேன். இடமில்லைன்னு ஒரே வரியில திருப்பிட்டாங்க. தலையில அடிச்சுக்கிட்டேன். ரெண்டு ராத்திரி தூங்கல. அந்தச் சமயம் பார்த்து எனக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வந்துச்சு. அந்தக் கருத்துரு எழுதின கைன்னு மேலிடத்துல பேர் ஆயிடுச்சு போல. எனக்கே கூச்சமா இருந்துச்சு, ஆனா வேணாம்னு எழுதிக் குடுத்தா சீனியாரிட்டி போயிடும்.

புதுக் காப்பாளர் ஷர்மிளான்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக்கூடாது. ஒரு திங்கட்கிழமை காலையில வந்து சேர்ந்துச்சு. முற்பகல் பணியேற்பு. அப்ப பூங்காவனத்துக்கும் அன்னைக்கு முற்பகல்லயே விடுவிப்பு குடுத்தாகணும். ஒரு பணியிடத்துல ஒரே பொழுதுல ரெண்டு பேர் இருக்க முடியாது சார். தணிக்கையில மாட்டும். உச்சிக்கு முன்னால அவ வளாகத்தை விட்டுப் போயிடணும். விதி அது.

பிள்ளைங்க எல்லாம் வகுப்புல இருந்துச்சு. ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா. கையில ஒரு கட்டைப்பை. “சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போறேன் சார். லைட்டு போட்டதும் பிள்ளைங்க வெளிய வரும். சொல்லிட்டுப் போயிடறேன்”ன்னா.

“அதெல்லாம் முடியாது பூங்காவனம். முற்பகல் விடுவிப்பு போட்டாச்சு”ன்னேன்.

“நான் வேலை செய்யல சார். சும்மா கேட்டுக்கு வெளியில உட்கார்ந்துக்கறேன். அல்லிகிட்ட மட்டுமாவது...”

பிள்ளைங்க பார்த்தா அழும், அவளும் அழுவா, எதுக்கு ரெண்டு பக்கமும் கஷ்டம்னு எனக்கு. அவ நல்லதுக்குத்தான் சொன்னேன், “நீ கிளம்பு. பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்”ன்னு.

என் முகத்தையே பார்த்தா. அப்புறம் போயிட்டா. அன்னைக்கு மூடின வாய்தான் சார்.

சொன்னேனான்னு கேட்கறீங்களா? சொல்லாம இருப்பேனா! சாயங்காலம் லைட்டு போட்டாங்க. பிள்ளைங்க வந்துச்சு. நான் வராந்தாவுல நின்னு, “பூங்காவனம் அம்மா மாற்றலாகி ஜில்லா ஆபீசுக்குப் போயிட்டாங்க. இனிமே ஷர்மிளா மேடம்தான் உங்களைப் பார்த்துக்குவாங்க”ன்னேன். நல்லா சத்தமாத்தான் சொன்னேன்.

என்ன பாக்கறீங்க? கேட்காதுதான். ஆனா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கும்னு டீச்சருங்க சொல்லுவாங்க. நான் நிறுத்தி நிதானமாத்தான் சொன்னேன்.

அதுங்க என்னைப் பார்க்கல. அவளைத் தேட ஆரம்பிச்சிடுச்சுங்க. சமையக்கட்டு, தண்ணித் தொட்டிப் பக்கம், கட்டிலுக்கு அடியில. துடைப்பம் வைக்கிற அறையைத் திறந்து திறந்து பார்த்துச்சுங்க. அல்லி போய் வாசல் கேட்டுக்கிட்ட உட்கார்ந்துக்கிச்சு. ஷர்மிளா போய்த் தூக்கினா கடிச்சு வச்சிடுச்சு. அதுங்களுக்கு அழுகையில சத்தம் வரும் சார், நம்ம அழுகை மாதிரி இருக்காது. அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் காதுல இருக்கு. ஆபீஸ் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்துட்டேன். எனக்கு மட்டும் மனசு இல்லியா?

பெரிய பிள்ளைங்களுக்கு டீச்சருங்க எப்படியோ சொல்லிப் புரிய வச்சாங்க. சின்னதுங்க நம்பல. ஒரு நாள் எலிசபெத் டீச்சர் என்கிட்ட வந்து, “பாணி, சின்னதுங்க அவ செத்துட்டான்னு நினைச்சிருக்குதுங்க”ன்னாங்க. அந்தத் துடைப்ப அறை வாசல்ல செம்பருத்திப் பூவைப் பறிச்சு வச்சிருந்துச்சுங்க சார். யார் சொல்லிக் குடுத்ததோ. நான், “குழந்தைங்கதானே டீச்சர், நாளானா சரியாயிடும்”னேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாளாம் பூங்காவனம். கேட்டுல நின்னாளாம். ஷர்மிளா என் வீட்டுக்கு போன் பண்ணி, “சார், உள்ள விடலாமா?”ன்னு கேட்டுச்சு. “பிள்ளைங்க இப்பத்தான் உங்ககிட்ட ஒட்டுதுங்க, இப்ப வேணாம். கொஞ்ச நாள் போகட்டும்”னேன். அதுவும் நியாயம்தானே? அந்தப் பொண்ணும் வேலை பார்க்கணுமில்ல? அதுக்கப்புறம் அவ அந்தக் கேட்டுப் பக்கம் வரவே இல்லையாம்.

அடுத்த மாசமே நான் பதவி உயர்வுல கிளம்பிட்டேன். எனக்கு வழியனுப்பு விழா நடத்தினாங்க. பிள்ளைங்க எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு, சால்வை போட்டு, டீ குடுத்து, சாயங்காலம் லைட்டு போடறவரைக்கும் நடந்துச்சு. ரொம்ப நல்லா நடத்தினாங்க.

புது ஆபீசுக்குப் போயும் நான் அவளை மறக்கல. எத்தனை தடவை எழுதினேன்! அவளுக்கு ஏதாவது ஒரு பதவி, ஒரு படி மேல, பேருக்காவது குடுங்கன்னு. ஜில்லா ஆபீசுக்கு வேலையாப் போகும்போதெல்லாம் அவளைத் தேடிப் போவேன். வராந்தா பெருக்கிக்கிட்டு இருப்பா. “பூங்காவனம், உன் விஷயமா எழுதியிருக்கேன்”னு சொல்லுவேன். நிமிர மாட்டா. நான் நிக்கற இடத்தை மட்டும் விட்டுட்டுச் சுத்திப் பெருக்கிட்டுப் போவா. பதவி வரலைன்னு என்மேல அவ்வளவு கோபம். எனக்கும் அதுதான் சார் ஆறாத புண்ணு. சேர்ந்த பதவியிலயே ஓய்வு பெற்றுட்டா பாருங்க.

இன்னைக்கு அங்க போனா, ஜில்லா ஆபீஸ் வாசல்ல எங்க பள்ளிக்கூட வேன் நிக்குது. எலிசபெத் டீச்சர் ஓய்வு பெற்றும் சும்மா இருக்காம, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. படிச்சு முடிச்சுப் போனதுங்களும் வந்திருந்துச்சு, ஒண்ணு புருஷனோட, ஒண்ணு கைக்குழந்தையோட. பூங்காவனத்தைப் பார்த்ததும் அந்த அல்லி, இப்ப வளர்ந்துடுச்சு, முதல்ல கிட்ட வரல. சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் மெல்ல வந்து அவ மூக்கைத் தொட்டுப் பார்த்துச்சு. கன்னத்தைத் தொட்டுச்சு. மூக்குக்கிட்ட உள்ளங்கையை வச்சு மூச்சு வருதான்னு பார்த்துச்சு சார். அப்புறம்தான் கட்டிக்கிச்சு. அதிகாரி பேச வந்தவர் பேச்சை விட்டுட்டு நின்னுட்டார்.

“எங்கள் அலுவலகத் துப்புரவுப் பணியாளர்”னு அதிகாரி ஆரம்பிச்சார். எனக்கு நெஞ்சுல குத்துச்சு. காப்பாளர்னு சொல்லியிருக்க வேண்டிய இடம்.

அப்புறம் அவளைப் பேசச் சொன்னாங்க. மைக்கை நகர்த்தி வச்சிட்டுக் கையைத் தூக்கினா. பேசினா சார், கையாலயே. ரொம்ப நேரம். பிள்ளைங்க கண்ணு அவ கையை விட்டு நகரல. திடீர்னு எல்லாம் சிரிச்சுச்சு. அப்புறம் எல்லாம் அழுதுச்சு. ஆபீஸ்காரங்க நாங்க எல்லாம் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கோம். நடுவுல அவ என்னைக் காட்டினா. என்னைக் காட்டி ஏதோ சொன்னா. அத்தனை தலையும் திரும்பி என்னைப் பார்த்துச்சு. ஒண்ணுகூடச் சிரிக்கல.

நல்லதாத்தான் சொல்லியிருப்பா. இந்த மனுஷன்தான் எனக்காக அலைஞ்சாருன்னு சொல்லியிருப்பா. வேற என்ன சார் சொல்ல இருக்கு?

முடிஞ்சதும் கிட்டப் போனேன். “பூங்காவனம், என்னைக் காட்டி என்னம்மா சொன்னே?”ன்னு கேட்டேன்.

“ஒண்ணுமில்ல சார். சாப்பிட்டுட்டுப் போங்க”ன்னா.

பேசிட்டா சார்! மூணு வருஷத்துக்கு அப்புறம் பேசிட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. ஓடிப்போய்ப் பந்தியில உட்கார்ந்தேன். அவளே வந்து இலையில சாதம் வச்சா. சாம்பார் ஊத்தினா. எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சு கையை வச்சேன்.

அப்ப எதிர்ல வந்து நின்னுச்சு அல்லி. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே பூங்காவனத்தைக் காட்டுச்சு. அப்புறம் வாசலைக் காட்டுச்சு. அப்புறம் ரெண்டு கையையும் இப்படி விரிச்சுது. நான் தலையை ஆட்டினேன், சிரிச்சேன். அது போகல. மறுபடியும் அவளைக் காட்டுது, வாசலைக் காட்டுது, கையை விரிக்குது. திரும்பத் திரும்ப. சாம்பார் வாளியோட பூங்காவனம் பக்கத்துலதான் நிக்கறா. “என்ன கேட்குது குழந்தை, கொஞ்சம் சொல்லேன்”னு அவளைப் பார்த்தேன். பார்த்தா. அல்லி கையையும் பார்த்தா, என் முகத்தையும் பார்த்தா. அடுத்த இலைக்குப் போயிட்டா.

சோத்துல வச்ச கையோட எழுந்து வந்துட்டேன் சார். நேரா பஸ் ஸ்டாண்டு. கைகூடச் சரியாக் கழுவல, பாருங்க.

அந்தக் குழந்தை என்னதான் கேட்டிருக்கும்னு நினைக்கறீங்க? சொல்லுங்க, பரவாயில்ல.

“ஏன் அனுப்பினே”ன்னா?

இருக்கும் சார். அப்படித்தான் இருக்கும். ஆனா முற்பகல் விடுவிப்புன்னா அது கையில எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாதே. தெரிஞ்சவ அவ ஒருத்திதான்.